எட்டாவது தொகுதி எங்கே? மறுவரையறை விவாதத்தில் வாடிப்பட்டியின் கேள்வி

மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டத்தில் வாழும் ஒருவர் நிலப்பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என எல்லாவற்றுக்கும் மதுரை மாவட்ட நிர்வாகத்தையே நாட வேண்டும். ஆனால், நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் அவர் வாக்களிப்பது தேனித் தொகுதியில். வாடிப்பட்டி அடங்கிய சோழவந்தான் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. அது இடம்பெற்றுள்ள தேனி நாடாளுமன்றத் தொகுதியோ பொதுத்தொகுதி. எனவே, இங்குள்ள சேரி மக்களுக்குச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் இருப்பதைச் சட்டம் உறுதிசெய்கிறது. நாடாளுமன்றத்தில் அத்தகைய உறுதி ஏதுமில்லை. இந்தக் கோடுகள் 2008 இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில் வரையப்பட்டவை. அவற்றை மீண்டும் வரையும் காலம் நெருங்குகிறது.

அண்மையில் வாடிப்பட்டிக்கு அருகில் ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் மறுவரையறை குறித்துப் பேசினோம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாட்டுக்கு இழைக்கப்படவிருக்கும் அநீதியை விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த மூத்த விவசாயக் கூலித் தொழிலாளியான அம்மா ஒருவர், “சரி வக்கீல் தம்பி, இப்ப இருக்கிற முப்பத்தொம்பதுல நமக்கு எத்தன?” என்று கேட்டார். “ஏழும்மா” என்றோம். “அதுல நம்ம பக்கம்?” தென்காசி ஒன்றுதான் என்றோம். “அப்ப நமக்கு ஏற்கெனவே கொறச்சுத்தானய்யா குடுத்திருக்காய்ங்க” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழு ஏன் எட்டாகவில்லை?

திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி ஆகிய ஏழும் தமிழ்நாட்டின் தனித்தொகுதிகள். தென் மாவட்டங்களின் திண்டுக்கல், தேனி, மதுரை, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய ஒன்பதும் பொதுத்தொகுதிகள்.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது? அரசமைப்புச் சட்டத்தின் 330 ஆவது உறுப்பு, ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விகிதம் எவ்வளவோ, ஏறத்தாழ அந்த விகிதத்தில் மக்களவை இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. 2008 மறுவரையறை 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் நடந்தது. அன்று தமிழ்நாட்டில் நமது விகிதம் 19 விழுக்காடு. 39 இடங்களில் அது 7.41, எனவே ஏழு. 2011 கணக்கெடுப்பில் நமது விகிதம் 20.01 விழுக்காடாக உயர்ந்தது. 39 இடங்களில் அது 7.80, முழு எண்ணாக்கினால் எட்டு. சட்டமன்றத்தின் 234 இடங்களில் இதே கணக்கு 46.8 என்றாகிறது; அதாவது 47. இன்றிருப்பவை 44. ஆக, நாடாளுமன்றத்தில் ஓரிடமும் சட்டமன்றத்தில் மூன்று இடங்களும் கணக்குப்படி நமக்குச் சேர வேண்டியவை. ஆனால், 2026 ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை 2001 புள்ளிவிவரமே செல்லும் என்று சட்டம் சொல்வதால் அவை நமக்குக் கிடைக்கவில்லை.

மாநிலத்தின் இழப்பு நமது இழப்பே

‘நமக்கே உரியது கிடைக்கவில்லை, மாநிலத்துக்குத் தொகுதி குறைந்தால் நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியின் கோபம் நியாயமானது. ஆனால், அதன் முடிவு நமக்கே எதிரானது.

1962 தேர்தலில் இம்மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967 இல் அவை 39 ஆயின. 1976 இல் 42 ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இட எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்திவைத்தது. 84 ஆவது திருத்தம் அதனை 2026 வரை நீட்டித்தது. இப்போது 2027 மார்ச் 1 ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. மக்களவை இடங்கள் 543 ஆகவே இருந்து, 2011 மக்கள்தொகைப்படி அவை பகிரப்படுவதாக வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 32. உத்தரப் பிரதேசத்தின் பங்கு 80 இலிருந்து ஏறத்தாழ 90 ஆகும். 32 இல் 20 விழுக்காடு 6.4. அதாவது, எட்டாக வேண்டிய நமது இடங்கள் ஆறாகச் சுருங்கும்.

தென் மாநிலங்கள் ஓரிடத்தையும் இழக்கமாட்டா என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 பிப்ரவரியில் கோவையில் கூறினார். அவையின் மொத்த இடங்களைப் பெருக்கினால் எண்ணிக்கை குறையாமல் போகலாம். ஆயினும், பங்கு குறையுமா என்பதே கேள்வி. வாக்கெடுப்பில் எண்ணப்படுவது பங்குதான். 1999 இல் ஓர் அரசு ஒற்றை வாக்கில் கவிழ்ந்த அவை அது.

வடக்கில் கூடும் இடங்களிலும் தலித் உறுப்பினர்கள்தானே வருவார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் நம் உடன்பிறப்புகளே. ஆனால், வழக்கறிஞர்களாகிய நாங்கள் அன்றாடம் காண்பது வேறொன்று. வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கையும் சாட்சியின் வாக்குமூலமும் தமிழில் இருக்கின்றன. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை அவையில் எழுப்ப வேண்டியவர், அந்த மக்களோடு அமர்ந்து அவர்கள் மொழியில் கேட்டவராக இருக்க வேண்டும். இன்று நம்மீதான வன்கொடுமைகள் பதிவாகும் ‘பாரதிய நியாய சன்ஹிதா’வின் பெயரே நம் மக்களின் நாவில் நுழையாதது. அச்சட்டம் நிறைவேறிய 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் ஈரவைகளிலும் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவையில் நமக்குக் குரல் குறைந்தால் காவல் நிலையத்தில் நமது மொழியும் குறைகிறது.

தமிழ் என்னும் பெயர் நமக்கு எவரும் இரவல் தந்ததும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’.

அம்பேத்கரின் இரண்டு அச்சங்கள்

மொழியும் சாதியும் நாடாளுமன்ற எண்ணிக்கையும் ஒன்றையொன்று வெட்டும் இந்த இடத்தை முதலில் தெளிவாகக் கண்டவர் புரட்சியாளர் அம்பேத்கர். 1955 இல் அவர் வெளியிட்ட ‘மொழிவாரி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்’ நூலில் இரண்டு அச்சங்கள் ஒருங்கே பேசுகின்றன.

முதலாவது, பெரிய வட மாநிலங்கள் தம் எண்ணிக்கையால் தென்னகத்தை ஆளும் என்பது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரையும் மத்தியப் பிரதேசத்தையும் இரண்டிரண்டாகவும் பிரிக்க வேண்டும் என்றார். ஐதராபாத்தை இரண்டாவது தலைநகராக்கவும் கோரினார். இரண்டாவது, ஒரு மொழிவாரி மாநிலத்துக்குள் பெரும்பான்மைச் சாதி ஒன்றோ இரண்டோ அதிகாரத்தைக் கைப்பற்றி, ஊருக்கு வெளியே சிதறிக்கிடக்கும் தீண்டப்படாத மக்களை நசுக்கும் என்பது.

இன்றைய விவாதத்தில் முதல் அச்சத்தை எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பேசுவோர் மிகக் குறைவு.

இரண்டாவது அச்சத்துக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேனித் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது உசிலம்பட்டி. அப்பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996 இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை பத்தாண்டுகள் அங்கே ஒரு தலித் ஊராட்சித் தலைவர் பணியாற்ற முடியவில்லை. வேட்புமனு தாக்கலாகவில்லை, தாக்கலாகி வென்றவர்களும் பதவி விலகச் செய்யப்பட்டனர். இதே மாவட்டத்தின் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார். கொன்றவர்கள் பேசியதும் தமிழ்தான்.

கடல் கடந்தும் இதே வரலாறு உண்டு. இலங்கையில் 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழ்க் கட்சிகள் உரிமைக்குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் வாயிலுக்காகவும் தேநீர்க் கடைக்காகவும் போராடினார்கள். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான எம்.சி.சுப்பிரமணியம் 1970 இல் நாடாளுமன்றம் சென்றது தேர்தல் வழியாக அல்ல, அரசின் நியமனத்தின் வழியாக. மொழியுரிமைக்குப் போராடும் சமூகம், தன்னுள் இருக்கும் சேரிக்குத் தானாக இடம் தருவதில்லை.

தென்காசி வழக்கு சொல்வது

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.புகழேந்தி அமர்வு ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் வென்றதற்காகத் தமிழ்நாடு இரண்டு மக்களவை இடங்களை இழந்தது எப்படி நியாயம், அதற்கு இழப்பீடு ஏன் தரக்கூடாது என்பதே அக்கேள்வி. மாநில உரிமை பேசுவோர் அதனை இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால், அந்த வழக்கு எதற்காகத் தொடரப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தென்காசியைத் தனித்தொகுதி என்ற நிலையிலிருந்து விடுவிக்கக் கோரிய வழக்கு அது. அக்கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

மாநிலத்தின் உரிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆணையின் பின்னணியில், தென் மாவட்டங்களில் நமக்கிருக்கும் ஒரே தொகுதியையும் பறிக்கும் முயற்சி இருந்தது. அடுத்த மறுவரையறையில் அந்த முயற்சி மீண்டும் எழாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒரு காலத்தில் மதுரையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தலித் ஒருவர் சென்றார் என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். 1952 இல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தபோது, மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961 இல் இரட்டை உறுப்பினர் முறை நாடு முழுவதும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பொதுத்தொகுதியில் தலித் நிற்கலாமே என்று சட்டம் சொல்கிறது. கட்சிகள் நிறுத்துகின்றனவா? 2024 தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல்.திருமாவளவனும் து.இரவிக்குமாரும் பானைச் சின்னத்தில் வென்றது பெருமைக்குரியது. ஆனால், அவர்கள் வென்ற சிதம்பரமும் விழுப்புரமும் தனித்தொகுதிகள். அதே தேர்தலில், அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் பொதுத்தொகுதியில் சமாஜ்வாதிக் கட்சி அவதேஷ் பிரசாத் என்னும் தலித்தை நிறுத்தி வென்றது. நாம் பின்தங்கியதென்று பேசிப் பழகிய மாநிலத்தில் நடந்தது இது. சமூகநீதியின் மண் என்று சொல்லிக்கொள்ளும் இங்கே, மதுரையிலோ தேனியிலோ அப்படியொரு வேட்பாளரை நிறுத்தப் பெரிய கட்சிகளுக்கு ஏன் துணிவு வரவில்லை?

நாம் கோர வேண்டியவை

2025 மார்ச் 5 இல் நடந்த அனைத்துக்கட்சிக் கூட்டம், 1971 கணக்கெடுப்பின் அடிப்படையே இன்னும் 30 ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் என்றது. மார்ச் 22 இல் சென்னையில் கூடிய பல மாநிலங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு, 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கோரியது. மாநிலங்களுக்கிடையிலான பங்கைக் காக்கும் இந்தக் கோரிக்கையை நாம் முழுமையாக ஆதரிக்க வேண்டும்.

ஆனால், மாநிலங்களுக்கிடையே நிறுத்திவைப்பதும் மாநிலத்துக்குள் நிறுத்திவைப்பதும் ஒன்றல்ல. இதற்குச் சட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 2003 இன் 87 ஆவது திருத்தம், மாநிலங்களின் மொத்த இடங்களைத் தொடாமலேயே, 2001 கணக்கெடுப்பின்படி உள் எல்லைகளையும் தனித்தொகுதி எண்ணிக்கையையும் திருத்த வழிசெய்தது. அதே வழியில், 39 என்பதைக் காத்துக்கொண்டே, 2027 கணக்கெடுப்பின்படி தனித்தொகுதிகளைப் பெருக்க முடியும். இரண்டு கோரிக்கைகளுக்கும் முரண்பாடு இல்லை. உள்கணக்கைப் பேசாமல் 30 ஆண்டுகள் உறைய வைத்தால், உறைவது நமது ஏழும் சேர்த்துத்தான்.

எனவே, மாநில உரிமைக்கான ஒவ்வொரு தீர்மானத்திலும் ஒரு வரி கூடுதலாக இடம்பெற வேண்டும்: நீட்டிப்பு மாநிலங்களுக்கிடையே மட்டும்; தனித்தொகுதி எண்ணிக்கை புதிய கணக்கெடுப்பின்படி. மறுவரையறைச் சட்டம், தனித்தொகுதிகள் மாநிலத்தின் பல்வேறு பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும் என்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் தொகுதி தெற்கில் அமைய வேண்டும் என்று அதன் அடிப்படையில் இப்போதே கோர வேண்டும். கணக்கெடுப்பாளர் நம் தெருவுக்கு வரும்போது ஒரு வீடும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் இயக்கங்களின் பணி. விடுபடும் ஒவ்வொரு வீடும் அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணைக் குறைக்கும்.

2021 அக்டோபர் 2 இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் அமர்ந்தார். பத்தாண்டுகள் தலித் தலைவரை ஏற்க மறுத்த ஊர் அது. அங்கே சென்றமர்ந்த அரசு, டெல்லியிடம் நியாயப் பங்கு கேட்கும்போது, தன் எல்லைக்குள் அதே கணக்கைப் போட மறுக்க முடியாது.

வாடிப்பட்டி அம்மாவுக்கு அன்று நாங்கள் சொன்ன விடை ஏழு. அடுத்த முறை செல்லும்போது எட்டு என்று சொல்ல வேண்டும். அந்த எட்டாவது, வைகைக்கரைப் பக்கம் இருக்க வேண்டும்.