24 மணி நேரத்தில் மூன்று கவர்னர்கள்!

2021 ஜனவரி 6ந் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் ஒரு கும்பல் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. ஜனாதிபதித் தேர்தலின் ஓட்டுகளை ஊர்ஜிதம் செய்யும் வேலை பல மணி நேரம் நின்றது. "ஜனநாயகம் பேசும் நாட்டிலா இப்படி?" என்று உலகமே மூக்கின்மேல் விரலை வைத்தது. கடைசியில் கும்பல் தோற்றது, எண்ணிக்கை முடிந்தது. மறுபடியும் அப்படி நேரக்கூடாதென்று 2022 டிசம்பரில் பழைய சட்டத்தைத் திருத்தவும் செய்தார்கள்.

கும்பலைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நாம் பேச விரும்புவது வேறொன்று. ஒரு கண்ணாடிகூட உடையாமல், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஜெயித்தவரை இறக்கிய கதையும் அதே அமெரிக்காவில் உண்டு. 1904ல் கொலராடோ மாநிலத்தில் நடந்த கவர்னர் தேர்தல் அது. தோழர்கள் அதை அறிந்திருப்பது அவசியம்.

அங்கே கவர்னர் என்றால் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் ஓட்டால் வருபவர். மாநிலத்தின் முழு நிர்வாகமும், மாநிலப் பட்டாளமும் அவர் கையில். அந்த நாற்காலிக்கு ஏன் அத்தனை போட்டி என்பது இதிலிருந்தே விளங்கும்.

கொலராடோ தங்கமும் வெள்ளியும் விளையும் மலைநாடு. தோண்டியவன் தொழிலாளி, உண்டு கொழுத்தவன் முதலாளி. அங்குள்ள சுரங்கத் தொழிலாளரும் உலைத் தொழிலாளரும் கேட்டது நாளைக்கு எட்டு மணி நேர வேலை. 1899ல் சட்டசபை அதைச் சட்டமாக்கியது. பக்கத்து மாநிலமான யூட்டாவில் இருந்த சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் அது. யூட்டாச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1898லேயே சொல்லிவிட்டது. ஆனால் கொலராடோ சுப்ரீம் கோர்ட்டு என்ன செய்தது? தொழிலாளி தன் இஷ்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் பறிபோகிறதே என்று கண்ணீர் வடித்து, சட்டத்தையே ரத்து செய்தது! பன்னிரண்டு மணி நேரம் உலை வாயில் வேகும் சுதந்திரத்தைத்தான் சொன்னார்கள் போலும்.

சரி, அரசியல் சட்டம்தான் குறுக்கே நிற்கிறதென்றால் அதையே திருத்துவோம் என்று தொழிலாளர் மக்களிடம் போனார்கள். 1902 நவம்பரில் ஓட்டெடுப்பு. ஆதரவு 72,980, எதிர்ப்பு 26,266. இதைவிடத் தெளிவாக ஒரு ஜனத்தொகை பேச முடியுமா? திருத்தம் வந்தது. அதன்படி சட்டம் இயற்ற வேண்டிய சட்டசபை 1903ல் கூடியது, பேசியது, கலைந்தது. சட்டம் வரவில்லை! சுரங்க, உலை முதலாளிகளின் கை அவ்வளவு நீளம்.

எட்டு மணி நேரத்துக்கு ஓட்டுப் போட்ட அதே தேர்தலில்தான் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பீபாடி கவர்னரானார். தொழில், பாங்கி நடத்துவது. அவர் யார் பக்கம் என்று தெரிய ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தங்கத் தாதுவை அரைத்துப் பிரிக்கும் ஆலைத் தொழிலாளருக்கு ஆதரவாக 1903 ஆகஸ்டில் கிரிப்பிள் கிரீக் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தச் சுரங்கக்காரர்கள் 1894லேயே போராடி எட்டு மணி நேரத்தை வென்றவர்கள். தமக்காக அல்ல, கீழே ஆலையில் வதைபட்ட சகோதரனுக்காகக் கருவியைக் கீழே வைத்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது.

பட்டாளம் வேண்டாம் என்றார் உள்ளூர் ஷெரீப். விக்டர் நகரசபையும் வேண்டாம் என்றது. பீபாடி கேட்கவில்லை. செப்டம்பரில் துருப்புகள் வந்திறங்கின. செலவு யாருடையது? சுரங்க முதலாளிகள் முன்பணம் கொடுத்தார்கள்! சம்பளம் கொடுப்பவன் சொல்லைத்தானே சிப்பாய் கேட்பான்? தொழிலாளர் தலைவர்களைப் பிடித்து அடைத்தனர். நீதிபதி விசாரிக்க உட்கார்ந்தபோது கோர்ட்டைச் சுற்றிச் சிப்பாய்கள், வெளியே பீரங்கித் துப்பாக்கி. ஒரு பத்திரிகை, 'விக்டர் ரெக்கார்ட்', தொழிலாளர் பக்கம் எழுதியது. ஒரு நாள் இரவு பட்டாளம் புகுந்து அதன் ஊழியர்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அச்சுக்கோக்கும் இயந்திரம் தெரிந்த எம்மா லாங்டன் என்ற பெண்மணி, கைதானவர்களில் ஒருவரின் மனைவி, அலுவலகத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு இரவெல்லாம் வேலை செய்தார். பொழுது விடிந்தது, பத்திரிகை வெளிவந்தது! பத்திரிகை நடத்தும் நமக்கு இதைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கிறது.

1904 ஜூன் 6ந் தேதி இண்டிபெண்டன்ஸ் ரயில் நிலையத்தில் வெடி வெடித்தது. சங்கத்தில் சேராத தொழிலாளர் 13 பேர் மாண்டனர். கொடுமை, சந்தேகமில்லை. ஹாரி ஆர்ச்சர்ட் என்பவன் பின்னர் தானே செய்ததாகவும் சங்கத் தலைவர்கள் ஏவியதாகவும் சொன்னான். 1907ல் வேறொரு கொலை வழக்கில் அவன் சாட்சியை ஜூரிகள் ஏற்காமல் சங்கத் தலைவர் ஹேவுட்டை விடுவித்தார்கள். ஆனால் 1904 ஜூனில் விசாரணைக்கு யார் காத்திருந்தார்? சங்க மண்டபங்கள் சூறையாடப்பட்டன. மக்கள் தேர்ந்தெடுத்த ஷெரீப்பிடம் தூக்குக் கயிற்றைக் காட்டி ராஜினாமா வாங்கினார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளரை ரயிலில் ஏற்றி மாநில எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட சூழ்நிலையில்தான் அந்த நவம்பரில் தேர்தல். பீபாடி மறுபடி நின்றார். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஆல்வா ஆடம்ஸ். முன்பே இருமுறை கவர்னராக இருந்த இரும்புச் சாமான் வியாபாரி. தொழிலாளர் தலைவர் அல்ல. பீபாடி போனால் போதும் என்று தொழிலாளர் அவருக்குத் தோள் கொடுத்தனர். அதே நாளில் ஜனாதிபதி தேர்தல். குடியரசுக் கட்சியின் ரூஸ்வெல்ட் கொலராடோவில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பீபாடியோ ஒன்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். அதாவது ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டளித்தவர்களிலேயே ஆயிரக்கணக்கானோர் பீபாடியைக் கைவிட்டார்கள்! 1905 ஜனவரி 10ந் தேதி ஆடம்ஸ் பதவியேற்றார்.

இத்துடன் முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. டென்வர் நகரில் கள்ள ஓட்டு என்று பீபாடி சட்டசபையில் வழக்குத் தொடுத்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய சட்டசபை அவர் கட்சியின் கையில்.

இங்கே நாம் ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். டென்வரில் கள்ள ஓட்டு விழுந்தது உண்மை. ஜனநாயகக் கட்சியின் நகர யந்திரம் ஒரே ஆளைப் பல சாவடிகளுக்கு அனுப்பியது. மறுபுறம், நிலக்கரிக் கம்பெனிகளின் குடியிருப்புகளில் கம்பெனிக்காரர்கள் சொன்ன பக்கமே ஓட்டு விழுந்தது என்று ஆடம்ஸ் தரப்பு புகார் சொன்னது. முதல் மோசடிக்குக் கோர்ட்டு வந்தது. தேர்தல் அதிகாரிகள் சிறை சென்றனர். சில சாவடிகளின் ஓட்டு முழுவதும் தள்ளப்பட்டது. இரண்டாவது புகாருக்கு அந்த வேகம் இல்லை. டென்வர் கில்லாடிகள் தங்கள் அபேட்சகருக்கு உதவி செய்ததாக நினைத்தார்கள். உண்மையில், நேர்மையாக வரிசையில் நின்று ஓட்டளித்த சுரங்கத் தொழிலாளியின் வெற்றியைப் பறிக்க எதிரிக்குச் சாவி கொடுத்தார்கள். நமக்கு அவர்கள்மீதுதான் கோபம் அதிகம்.

இருந்தும் பீபாடியை மீண்டும் இரண்டு வருஷம் உட்கார வைக்க அவர் கட்சியிலேயே பலருக்கு மனமில்லை. பேரம் நடந்தது. உட்கார்ந்ததும் ராஜினாமா செய்வதாக முன்கூட்டியே பீபாடியிடம் எழுதி வாங்கினார்கள். மார்ச் 16ந் தேதி ஆடம்ஸ் இறக்கப்பட்டார், பீபாடி ஏறினார், மறுநாளே விலகினார், துணை கவர்னர் ஜெஸ்ஸி மெக்டொனால்டு பதவியேற்றார். அவரும் குடியரசுக் கட்சி, அவரும் சுரங்கத் தொழிலில் இருந்தவர். கவர்னர் பதவிக்கு ஒரு ஓட்டுகூடக் கேட்காதவர் கவர்னர்! ஆடம்ஸ்தான் ஜெயித்தாரென்றால் அவரை இறக்கியது அக்கிரமம். பீபாடிதான் ஜெயித்தாரென்றால் அவரை விலகச் சொன்னது ஏன்? இந்தக் கேள்விக்கு அந்தச் சட்டசபையிடம் பதிலில்லை.

பீபாடியின் ஆட்சியில் விசாரணையின்றி இரண்டரை மாதம் அடைபட்டிருந்த சங்கத் தலைவர் சார்லஸ் மோயர், அவர்மீது நஷ்ட ஈடு கேட்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். கலகம் என்று கவர்னர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால் அதுவே முடிவு என்று 1909ல் தீர்ப்பு வந்தது. எட்டு மணி நேரத்துக்கு 1905ல் ஓட்டை உடைசலாக ஒரு சட்டம் போட்டார்கள். 1902ல் 72,980 பேர் கேட்டது உருப்படியான சட்டமாக வந்தது 1913ல்.