சித்திரக்காரரின் சுயராஜ்யம்

பத்திரிகையில் சித்திரக்கதைக்கு எவ்வளவு இடம் என்று அளந்து கொடுப்பவர் எவரோ, அவரே நெடுங்காலமாகச் சித்திரக்காரருக்கு எஜமானராக இருந்து வந்திருக்கிறார். இணையத்தில் சித்திரக்கதைகள் தோன்றிப் பெருகியதனால் அந்த எஜமானத்துவம் இன்று ஆட்டங்கண்டிருக்கிறது. பொழுதுபோக்கு விஷயந்தானே என்று தேசபக்தர்கள் இதனை ஒதுக்கிவிடலாகாதென்பது நமது அபிப்பிராயம்.

பத்திரிகைச் சித்திரக்கதை செழித்து வளர்ந்த நிலம் அமெரிக்கா. 1895-இல் நியூயார்க் 'வோர்ல்டு' பத்திரிகையில் ரிச்சர்டு அவுட்கால்ட் வரைந்த சித்திரங்களில் தோன்றி, பின்னர் 'மஞ்சள் சிறுவன்' என்று பெயர் பெற்ற பாத்திரத்தைக் காண ஜனங்கள் போட்டியிட்டுப் பத்திரிகை வாங்கினார்கள். மறு வருஷமே ஹெர்ஸ்ட் என்னும் பத்திரிகை முதலாளி அவுட்கால்ட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிண்டிகேட்டுகள் என்னும் விநியோக ஸ்தாபனங்கள் எழுந்தன. ஒருவர் வரைந்த கதையை நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்று, அவருக்கு ஜீவனோபாயமும் கீர்த்தியும் இவை தேடிக் கொடுத்தது மெய்யே. ஆனால் அதற்கு ஈடாகப் பெரும்பாலும் படைப்பின் உரிமையையே எழுதி வாங்கிக்கொண்டன. 1950-இல் சார்லஸ் ஷூல்ஸின் கதைக்கு 'பீநட்ஸ்' என்ற பெயரைச் சூட்டியது சிண்டிகேட்டே. அப்பெயரை அவர் ஆயுள் முழுதும் வெறுத்தார். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்ஸன், தம் பாத்திரங்களைப் பொம்மையாகவும் சட்டையாகவும் விற்கலாகாதென்று தமது ஸ்தாபனத்துடன் பல வருஷங்கள் போராடி வென்றார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் தம் சித்திரத்தைப் பத்திரிகைகள் துண்டாடுவதையும் தடுத்தார். ஆயினும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த அக்கதையை 1995 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவரே நிறுத்திவிட்டார். அவ்வளவு புகழ் படைத்தவருக்கே இத்தனை போராட்டம் வேண்டியிருந்ததென்றால், பெயரறியாத இளைஞரின் கதி என்ன?

பத்திரிகைகளின் வருமானம் குன்றக் குன்றச் சித்திரங்களுக்குரிய இடமும் சுருங்கிற்று. 2022-இல் லீ எண்டர்பிரைசஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனம் தன் பத்திரிகைகள் பலவற்றில் சித்திரக்கதைப் பக்கத்தை ஒரே மாதிரியாகக் குறைத்துவிடவே, பல கதைகள் ஒரே சமயத்தில் இடமிழந்தன. வாசகர்கள் விரும்புகிறார்களா என்று தனித்தனியே எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. தலைமை ஆபீஸின் கணக்கே தீர்ப்பாயிற்று.

இணையம் திறந்த வழியோ வேறு. 2005-இல் ராண்டல் மன்றோ என்பவர் கோடுகளாலான மனிதர்களை வரைந்து, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பொருளாகக் கொண்டு 'எக்ஸ்கேசிடி' என்ற சித்திரத்தைத் தம் வலைத்தளத்தில் வெளியிடலானார். கணிதம் ஜனங்களுக்குப் புரியாதென்று தள்ளிவிட அங்கே பத்திராதிபர் எவருமில்லை. உலகெங்கும் வாசகர்கள் தாமே வந்து சேர்ந்தனர். ரிச் பர்லூ என்பவர் 2012-இல் தம் இணையச் சித்திரக்கதையை மீண்டும் நூலாக அச்சிட வாசகர்களிடம் நேரே பணம் கேட்டபோது, 12 லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. நடுவில் தரகர் இல்லாமலே கலைஞரும் வாசகரும் ஒருவரையொருவர் தாங்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சித்திரத்தின் சக்தியைத் தமிழர் அறியாதவரல்லர். பாரதியார் தமது 'இந்தியா' பத்திரிகையில் அந்நிய ஆட்சியைச் சாடும் கேலிச் சித்திரங்களை முகப்பிலேயே வெளியிட்டார். 1908-இல் ராஜத்துவேஷ வழக்கு மூண்டு, அப்பத்திரிகை புதுச்சேரிக்குப் பெயர நேர்ந்தது. திலகரைச் சிறைக்கு அனுப்பிய அதே 124-ஏ பிரிவின்படி, சுதந்திர இந்தியாவில் 2012 செப்டம்பரில் அசீம் திரிவேதி என்னும் சித்திரக்காரர் கைது செய்யப்பட்டார். அதற்கு முன் 2011 டிசம்பரிலேயே, மும்பைப் போலீஸார் புகாரின்பேரில் அவருடைய வலைத்தளம் முடக்கப்பட்டிருந்தது. ஜனங்களின் கண்டனம் வலுத்த பிறகே ராஜத்துவேஷக் குற்றச்சாட்டைச் சர்க்கார் கைவிட்டது. 2020 டிசம்பரில், கோட்டுருவங்களால் அரசியலைப் பரிகசித்து இணையத்தில் வரைந்துவந்த ரசிதா தனேஜாவுக்குச் சுப்ரீம் கோர்ட்டு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பிற்று. பத்திராதிபரின் கத்தரிக்கோலுக்குத் தப்பியவர் சர்க்காரின் கைக்கும் தப்பிவிட்டார் என்று எண்ணுவது பேதைமை. பத்திரிகையில் வரைபவருக்குப் பின்னால் ஆசிரியரும் வக்கீலும் நிற்பதுண்டு. இணையத்தில் வரைபவரோ தனியே நிற்கிறார்.

மற்றோர் அபாயமும் உளது. தென் கொரியாவில் நேவர் ஸ்தாபனம் 2004-இல் தொடங்கிய 'வெப்டூன்' சேவை இன்று பல தேசங்களில் பரவி, 2024 ஜூனில் அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் ஏறிவிட்டது. சித்திரம் கைபேசியில் மேலிருந்து கீழாக ஓடுவதும், எது முன்னே தெரிய வேண்டும் என்பதும் இத்தகைய ஸ்தாபனங்களின் ஏற்பாட்டைப் பொறுத்தன. பழைய சிண்டிகேட்டின் நாற்காலியில் புதிய கம்பெனி உட்காருமானால், ஆள் மாறிற்றே அன்றி ஆட்சி மாறிற்றென்று சொல்ல முடியுமா?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. சித்திரக்காரர்கள் தங்கள் படைப்பின் உரிமையை எவருக்கும் முழுதாக எழுதிக் கொடுக்கலாகாது. பிறர் மேடையில் ஏறினாலும் தமக்கென ஒரு சொந்த வலைத்தளத்தை வைத்திருக்க வேண்டும். வாசகர்கள் இலவசமாய்க் கண்டு சிரித்துவிட்டுப் போகாமல், பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது போலவே இவர்களுக்கும் இயன்றதைக் கொடுக்க வேண்டும். ஒரு சித்திரக்காரர்மீது வழக்குப் பாயும்போது, பத்திரிகை உலகம் அவரை வேற்றாளென்று பாராமல், தன் இனத்தாரென்று முன்வந்து காக்க வேண்டும்.

அதிகாரத்தைக் கண்டு சிரிக்கும் உரிமை ஜனங்களுடையது. அவ்வுரிமையை நமக்காகச் செலுத்தும் தூரிகை பட்டினியாலோ பயத்தாலோ ஓய்ந்துவிட்டால், நஷ்டம் சித்திரக்காரரோடு நில்லாது. நம் அனைவரையும் சாரும்.