ஐயாயிரத்தில் ஒன்று



சென்ற மாதம் ஓவியப் பாடத்தில், "உங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை வரையுங்கள்" என்றேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தாளை வெறுமையாகவே வைத்திருந்தான்.

"சார், எங்க பாட்டியோட தாத்தா சிம்பாங் பூலாய் பக்கம் பால் வெட்டினவராம். சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவரு திரும்பி வரலையாம். போட்டோ இல்ல. மொகம் தெரியாம எப்படி வரையறது?"

எனக்குச் சித்தபிரசாத் நினைவுக்கு வந்தார்.

1915இல் வங்காளத்து நைஹாட்டியில் பிறந்தவர். ஓவியப் பள்ளியில் முறையாகப் பயிலாமல் தாமாகவே கற்றுக்கொண்டவர். நம்மவர் சயாமில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த அதே 1943இல் வங்காளத்தில் கடும் பஞ்சம். பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. முந்திய அக்டோபரில் அடித்த புயல் மிதினாப்பூர் மாவட்டத்தைச் சீரழித்திருந்தது. பதுக்கல்காரரும் விட்டு வைக்கவில்லை. ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். வெள்ளைக்கார அரசோ பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை.

அந்த நவம்பரில் சித்தபிரசாத் மிதினாப்பூர்க் கிராமங்களைச் சுற்றி வந்தார். கையில் கறுப்பு மையும் தூரிகையும். எலும்பும் தோலுமான உடல்களைச் சற்றும் அழகுபடுத்தாமல், பார்ப்பவர் நெஞ்சு பதறும்படி தடித்த கோடுகளில் தீட்டினார். வரையப்பட்டவர் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பெரட்டுக் களத்தில் நம் முன்னோர் வெறும் தலைக் கணக்காகத்தானே எண்ணப்பட்டார்கள்!

'பசித்த வங்காளம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அது நூலாக வந்தது. அரசு அதன் 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்திவிட்டது. மைக்கோட்டுக்கா இத்தனை பயம்! தப்பிய ஒரே பிரதியை அவர் குடும்பத்தார் பொத்திப் பொத்திக் காத்தனர். அதைக் கொண்டு 2011இல் மறுபடியும் அச்சிட்டார்கள். ஓவியர் அதைப் பார்க்கவில்லை. பம்பாயில் பல்லாண்டு வாழ்ந்தவர், 1978இலேயே காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் சொல்லி, "பாட்டியிடம் போய்க் கேள். அவர் நெட்டையா, குட்டையா? தலைப்பாகை கட்டுவாரா?" என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஓடி வந்தான். "சார், காதுல கடுக்கன் போட்டிருந்தாராம்!"

முதலில் காதைத்தான் வரைந்தான். அடியில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினான்.