கிடாரைத் தட்டினால் சர்க்கஸா?

எலக்ட்ரிக் கிடாரில் டிரம் ஓசை எழுப்புவது வெறும் சர்க்கஸ் என்று குடும்பக் குழுவில் ஒருவர் தீர்ப்பெழுத, நம் பிள்ளை ஒருவன் கிடாரை உறையில் போட்டுவிட்டான். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

1956-இல் மெம்பிஸில் ஜானி கேஷ் ‘ஐ வாக் தி லைன்’ பாடலைப் பதிவு செய்தபோது டிரம்மரே கிடையாது. தன் கிடார் கம்பிகளுக்கிடையே காகிதத்தைச் செருகி ஸ்நேர் டிரம் ஓசையை வரவழைத்தார். உடன் வாசித்த லூதர் பெர்கின்ஸ் எலக்ட்ரிக் கிடாரின் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கியே தாளத்தை நடத்தினார். இதுவா சர்க்கஸ்?

பிக்கப் காந்தம் கம்பியின் அதிர்வைத்தான் பிடிக்கும். கட்டையைத் தட்டினால் பெரிதாகக் கேட்காது. (பெஞ்சைத் தட்டியவர்கள் கவனிக்க!) இடக்கை கம்பிகளை லேசாகத் தொட்டு ஸ்வரத்தை அடக்க, வலக்கை அளவாக அடிக்க வேண்டும். தீர்ப்பு சொன்னவர் ஒரே ஒரு நிமிடம் தாளம் பிசகாமல் அப்படி வாசித்துக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.