அலுவிகாரைக் கூரையில் ஒரு டிஷ்: எங்கள் செய்தி எங்கிருந்து வருகிறது?

ஏ-9 வீதி என்றால் எங்களில் பலருக்கு ஓமந்தையும் கிளிநொச்சியும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். அதே வீதி கண்டியில் தொடங்கி, மாத்தளை நகரைத் தாண்டியதும் அலுவிகாரையைக் கடந்துதான் வடக்கு நோக்கி வருகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தமிழ்க் குடும்பங்களின் தகரக் கூரைகளில் நான் கவனிப்பது ஒன்றுதான். வாங்கிய சிறிய டிஷ்ஷின் விளிம்பில் தகரத் துண்டுகளை ஆணியடித்துப் பெரிதாக்கியிருப்பார்கள். சில வீடுகளில் பழைய தட்டொன்றை இரும்புக் குழாயில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். நாடகம் பார்க்கும் ஆசை என்று இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால், தன் மொழியில் ஒரு செய்தி கேட்பதற்கு ஒரு குடிமகன் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை அந்தக் கூரைகள் சொல்கின்றன.

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். தரைவழி ஒளிபரப்பு கோபுரத்திலிருந்து நேர்கோட்டில் வருகிறது. ரூபவாஹினியின் பிரதான பரப்பி நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையில் இருந்தாலும், இடையில் ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் பள்ளத்தில் உள்ள வீட்டுக்குப் புள்ளி விழுந்த படமே கிடைக்கும். செய்மதி அப்படியல்ல. இந்திய அரசின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜிசாட்-15 செய்மதி, கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கிறது. மாத்தளையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில் ஏறத்தாழ 72 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில் இருக்கும். எந்த மலையாலும் அதை மறைக்க முடியாது. மலையகத்தில் டிஷ் பரவியதற்கு இது முக்கியமான காரணம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஒளிபரப்பு இந்திய நிலப்பரப்பை இலக்காகக் கொண்டது. நாங்கள் அதன் விளிம்பில் இருக்கிறோம். மழை பெய்தால் அலை மேலும் பலவீனமாகும். எனவே பெரிய டிஷ் வேண்டும் என்று மக்கள் நினைப்பது சரியே. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷுக்குப் பதிலாக 90 சென்ரிமீற்றர் டிஷ் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகும். ஆனால் விளிம்பில் தகரம் அடிப்பதால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. இந்த அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். தட்டின் வளைவு ஓரிரு மில்லிமீற்றர் பிசகினாலே அலை குவியாமல் சிதறிவிடும். அத்துடன் முன்னால் உள்ள எல்.என்.பி. தன்னுடன் வந்த தட்டின் அளவை மட்டும் பார்க்கவே செய்யப்பட்டது. கம்பி வலையால் செய்த பழைய எட்டடி டிஷ்கள் நன்றாக வேலை செய்தன என்றால், அவை வாங்கிய அலை இதைவிட மூன்று மடங்கு நீளமானது.

செலவில்லாத திருத்தங்கள் வேறு உண்டு. கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். எல்.என்.பி.யைச் சுற்றித் திருப்பும் கோணம் சென்னையில் ஏறத்தாழ 45 பாகை; மாத்தளையில் அது 60 பாகையை நெருங்கும். இந்தியக் கையேட்டைப் பார்த்துப் பூட்டிய பல டிஷ்களில் இது தவறியிருக்கும். வயர் இணைப்பில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் நாடா சுற்றுங்கள். டிஷ் நிமிர்ந்து நிற்பதால் தண்ணீர் தேங்கினால், அடிப்பக்கத்தில் சிறிய துளையொன்று போடுங்கள். தகரத்துக்குச் செலவழிப்பதைவிட இவை பயன் தரும்.

இந்தக் கைவேலை எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். 1990இல் கொக்காவில் ஒளிபரப்பு நிலையம் போரில் அழிந்தது. அங்கே புதிய கோபுரம் திறக்கப்பட்டது 2011 ஜூனில்தான். 2007 ஏப்ரலில், தனது செய்மதியொன்றை விடுதலைப் புலிகள் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கூறி இன்டெல்சாட் நிறுவனம் அந்த ஒளிபரப்பை நிறுத்தியது. செய்தி வரும் வழியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது போரின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்த இரண்டு அனுபவங்களும் உண்டு.

ஆனால் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: எல்லாம் சரிசெய்து, படம் தெளிவாக வந்தபின் அந்த வீட்டுக்குக் கிடைப்பது என்ன? தமிழ்நாட்டின் மழை நிலைமை கிடைக்கும். தமிழ்நாட்டின் அரசியல் கிடைக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. உக்குவளைக்கோ இரத்தோட்டைக்கோ சிவப்பு எச்சரிக்கை வந்தால், அதை 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள இந்தியச் செய்மதி சொல்லப்போவதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. அது ஆபத்தான இடமென முன்னரே அடையாளம் காணப்பட்டிருந்தது. அறிந்திருந்த செய்தி, காப்பாற்றும் செய்தியாக அந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை.

தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து எத்தனையோ ஆண்டுகள் கடந்துவிட்டன. 2014இல் ஜப்பானிய முறையிலான டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்கு அரசாங்கம் முடிவெடுத்தது. அந்த முறையில் அவசர எச்சரிக்கையை நேரடியாகத் திரைக்கு அனுப்பும் வசதியும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மாற்றம் முழுமையடையவில்லை. உள்ளூர் செய்மதிச் சேவைக்கோ மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். நாள்கூலிக் குடும்பத்துக்கு அது சுமை. அனுமதியில்லாத இந்தியக் கட்டணச் சேவையைப் பூட்டினால் சட்டப் பயமும் சேர்ந்துகொள்கிறது.

வாய்மொழியாக இருந்த பௌத்த போதனைகள் பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில் அழிந்துவிடக்கூடாது என்று முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் அலுவிகாரை. நெருக்கடிக் காலத்தில் சொல் மக்களிடம் தங்க வேண்டும் என்பதை உணர்ந்த மண் அது. அங்கு வாழும் தமிழருக்கு ஆபத்து வேளையில் ஒரு தமிழ்ச் சொல் போய்ச் சேர வழி செய்வது அரசுக்கு முடியாத காரியமல்ல. பள்ளப் பகுதிகளுக்குச் சிறிய மறுபரப்பிகள், தமிழிலும் அதே நிமிடத்தில் வெளியாகும் எச்சரிக்கை, பிரதேச செயலகத்தில் தமிழில் பதில் சொல்ல ஒருவர் என இந்த மூன்றையும் மாகாண, பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவரை டிஷ்ஷைத் திருத்துவோம். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் எங்கள் உயிரைக் காக்க அது மட்டும் போதும் என்று நம்பியிருக்கக் கூடாது.