கிளைத் தபால் நிலையமும் ஊராரின் மகஜரும்

ஊரிலுள்ள கிளைத் தபால் நிலையத்தை எடுத்துவிடப் போகிறார்கள், அல்லது பக்கத்து ஊர் நிலையத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும், ஊரார் கூடி மகஜர் எழுதுவது வழக்கம். நூறு கையெழுத்து, ஐம்பது கைநாட்டு. வாசகமோ எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றே. "நாங்கள் ஏழைகள், வேறு கதியில்லை, கருணை கூர்ந்து காப்பாற்ற வேண்டும்" என்பது அதன் சாரம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அது கலெக்டர் கையில் கொடுக்கப்படும். ஊராரும் கடமை முடிந்ததென்று திரும்பிவிடுவர்.

தபால் இலாகா மத்திய சர்க்காருக்குரியது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் அடங்கியது. கலெக்டர் செய்யக்கூடியதெல்லாம் அம்மகஜரை அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பி வைப்பதே. நியாயவிலைக் கடைக்கோ பட்டா மாறுதலுக்கோ கலெக்டரை நாடுவது முறை. தபால் நிலையத்திற்குக் கோட்டக் கண்காணிப்பாளரையும், அவருக்கு மேல் சென்னையிலுள்ள தலைமை அஞ்சல் துறைத் தலைவரையுமே நாடவேண்டும். இலாகா நடத்தும் தபால் அதாலத்து ஒன்று இருக்கிறதென்பதே நம் அங்கத்தினர் பலருக்குத் தெரியாது.

நிற்க. வாசலைவிட முக்கியமானது வாசகம். புதிதாக ஒரு கிளை நிலையம் திறப்பதற்கு இலாகாவே வகுத்துள்ள விதியைப் பாருங்கள். சாதாரண கிராமப் பகுதியில் மூவாயிரம் ஜனத்தொகை, அடுத்த நிலையம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல், ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானம். மலைப்பகுதிக்கும் பின்தங்கிய பகுதிக்கும் ஐந்நூறு ஜனத்தொகையும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வருமானமும் போதும். அதாவது, செலவில் மூன்றில் இரண்டு பங்கை நஷ்டமாக ஏற்பதற்கு இலாகா தானே முன்கூட்டி இசைந்திருக்கிறது. திறப்பதற்கே இவ்வளவு போதுமென்றால், இருப்பதை மூடுவதற்கு "நஷ்டம்" என்ற ஒரு சொல் எப்படிக் காரணமாகும்? ஆனபடியால் ஊரார் கருணையை யாசிக்க வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கைக் காட்டினால் போதும்.

அதைக் காட்டுவது எங்ஙனம்? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை வைத்து, குறிப்பிட்ட நிலையத்தின் மூன்றாண்டு வரவு செலவைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தபால் தலை விற்பனை மட்டுமே வருமானம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சேமிப்புக் கணக்குகளை நடத்துவதற்காக நிதி அமைச்சகம் இலாகாவுக்குக் கணக்கொன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் தருகிறது. ஆகவே, ஊரில் எத்தனை தொடர் வைப்புக் கணக்குகள், எத்தனை செல்வமகள் சேமிப்புக் கணக்குகள், எத்தனை கிராமிய அஞ்சல் ஆயுள் காப்புறுதிகள் என்பதெல்லாம் மகஜரில் எண்ணாக ஏற வேண்டியவை. இவற்றைத் தெருத்தெருவாக எழுதி வாங்க, அங்கத்தினர் பதிவேடு வைத்திருக்கும் நம் சங்கத்தைவிடத் தகுந்த ஸ்தாபனம் கிராமத்தில் வேறெது?

"கைபேசியிலேயே பணம் போகிறது, வருகிறது, தபால் நிலையம் எதற்கு?" என்று படித்த இளைஞர் கேட்கின்றனர். கேள்வியைத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் நாற்பது ஆண்டு பாவு பிணைத்தும், சாயத்தில் கை நனைத்தும், ரேகை தேய்ந்துபோன முதியவரின் விரலை ஆதார் இயந்திரம் பல வேளை ஏற்பதில்லை. களை பறிக்கும் பெண்ணின் விரலுக்கும் அதே கதி. கிளை நிலையத்தில் பாஸ் புத்தகத்தைக் காட்டி, சாட்சி வைத்துக் கைநாட்டிட்டுத் தம் பணத்தை அவர்கள் பெறலாம். எதிரே அமர்ந்திருப்பவர் அவர்களை அறிந்தவர். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிலையம் போனால் அந்த அறிமுகம் போகும். ஒரு நாள் கூலியும் போகும். தறியை நிறுத்திவிட்டுப் போகும் அரைநாளை இலாகாவின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, நாம்தான் எழுதவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கலாம். சேலைப் பொட்டலங்களைத் தனியார் கூரியரில் அனுப்பிவிட்டு, சேமிப்பை நகைக்கடைச் சீட்டில் கட்டிவிட்டு, தபால் நிலையத்திற்கு ஆபத்து வந்தால் மட்டும் முதல் கையெழுத்துப் போட வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பழைய முறையில் பழகியவர்களுக்கு அது மனக்குறையாயினும், பதிவு செய்து அனுப்பும் வசதி இல்லாமற் போய்விடவில்லை. சங்கத்தின் நோட்டீசுகளும் துணிப் பொட்டலங்களும் கிளை நிலையத்தின் வழியே சென்றால், அவ்வருமானத்தைக் காட்ட யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

விவரம் நிறைந்த விண்ணப்பத்திற்கு வலிமையுண்டென்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று, சென்னைவாசிகள் சங்கத்தின் பெயரால் 1852-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். வரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்பட்ட கொடுமையும் அங்கே விவாதத்துக்கு வந்து, 1854-இல் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு வெளியான அதன் அறிக்கை அக்கொடுமை உண்மையென்று ஒப்புக்கொண்டது.

வெற்றி கிடைத்தாலும் அது நிரந்தரமென்று அயர்ந்துவிடலாகாது. கனடாவில் கிராமத் தபால் நிலையங்கள் மூடப்படுவதை எதிர்த்து ஊரார் பல்லாண்டு போராடியதன் பேரில், 1994-இல் அரசு மூடுதலுக்குத் தடை விதித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற அத்தடையை நீக்கப்போவதாக 2025 செப்டம்பரில் அந்நாட்டு அரசே அறிவித்தது. நம் நாட்டிலோ அத்தகைய தடையே இல்லை. கிளை நிலையத்தின் வேலையளவு குறைந்தால் அதன் வேலைநேரமும் குறையும், பிறகு இணைப்புப் பேச்சு தொடங்கும். எனவே பேச்சு எழுவதற்கு முன்பே கணக்கைச் சேகரித்து வைப்பது நல்லது.

மகஜர் தயாரானதும் கிராமசபையில் தீர்மானமும் நிறைவேற்றி இணைக்கலாம். அது இலாகாவைக் கட்டுப்படுத்தாது; ஆயினும் பதிவேட்டில் நிற்கும் சாட்சி. பிரதியொன்றைத் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் அனுப்புக. எல்லாவற்றையும் அதே கிளை நிலையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தே அனுப்புக. அன்றைய வரவில் அதுவும் ஏறும்.