அந்தக் கால் சுற்று

ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்பு செய்ய எந்த சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்கலாம் என்று கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பிராண்டு பெயரை. சொல்லிவிடலாம்: ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், ரெடிங் பிக் பாஸ், லீ கிளாசிக் காஸ்ட். மூன்றும் வார்ப்பிரும்பில் ஓ வடிவச் சட்டம் கொண்டவை. .308, .30-06 கேஸ்களை (தோட்டாவின் பித்தளை உறைகளை) முழு நீளத்துக்கு அமுக்குவதில் எதையும் குறை சொல்ல முடியாது. கேஸை அமுக்கும் டைகளின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி என்பது பொது அளவு. அதனால் ஒருவர் டை இன்னொருவர் பிரஸ்ஸில் உட்காரும். ஒரு பக்கம் திறந்த சி வடிவச் சட்டம் கைக்கு வசதிதான், ஆனால் பெரிய கேஸை அமுக்கும்போது வாய் விரிந்து கொடுக்கும்.

கையில் காசு தாராளமாக இருந்தால் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ். டையைத் திருக வேண்டாம், லாக் ரிங்கோடு காடியில் செருகினால் போதும். டைக்கு இம்மியளவு ஆட இடம் இருப்பதால் கேஸ் தானே நடுவுக்கு வந்துவிடும். லீ டையோடு வரும் ரிங் மட்டும் அந்தக் காடிக்கு ஒத்துவராது, மாற்ற வேண்டும்.

பிரஸ்ஸைப் பற்றி இவ்வளவு போதும். மிச்சப் பணத்தில் நல்ல காலிப்பரும், கேஸ் கழுத்தை நோக்கிக் குறுகும் தோளை அளக்கும் கம்பேரட்டரும் வாங்குங்கள். கேஸின் ஆயுளையும் உங்கள் பாதுகாப்பையும் தீர்மானிப்பது பிரஸ்ஸின் விலையல்ல, டை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான்.

டையோடு வரும் தாள்களில் வழக்கமாக இருக்கும் யோசனை இது: ரேமை மேலே ஏற்றி, ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று திருகு. 14 புரி மரையில் கால் சுற்று என்றால் ஏறக்குறைய 0.018 அங்குலம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சுட்ட கேஸின் தோள் பின்னால் போக வேண்டியதோ சுமார் 0.002 அங்குலம். சட்டத்தின் நெளிவும் இணைப்புகளின் தளர்வும் கால் சுற்றில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மீதி எவ்வளவு தோளில் இறங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாது.

தோள் அதிகம் பின்வாங்கிய கேஸை ஊசி அடித்து முன்னால் தள்ளும். மருந்து எரியும்போது பித்தளைச் சுவர் அறையைக் கவ்விக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் போல்ட்டை நோக்கிப் பின்னால் இழுபடும். அடித்தளத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, சில முறை சுட்டபின் வெளியே பளபளப்பான வளையம் தெரியும். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கேஸை நசுக்கி எறிந்துவிடுங்கள். அடுத்த முறை சுடும்போது அது இரண்டாகப் பிரியலாம்.

சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். உங்கள் ரைஃபிளில் சுட்ட கேஸின் பிரைமரைக் கழற்றிவிட்டு (பிதுங்கிய பிரைமர் அளவைக் கெடுக்கும்) தோளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டையை உயரத்தில் வைத்துத் தொடங்கி, அமுக்கி, அளந்து, கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அது ஏறக்குறைய 0.0012 அங்குலம். தோள் அந்த 0.002 அங்குலம் பின்வாங்கியதும் லாக் ரிங்கைப் பூட்டிவிடுங்கள். செமி ஆட்டோ என்றால் 0.003 முதல் 0.004 வரை விடலாம்.

மருந்து நிரப்புவதில் ஒரு வார்த்தை. .308 போன்ற கேஸில் வழக்கமான அளவே பெரும்பகுதியை அடைத்துவிடும், இரண்டாம் முறை போட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும். அந்தக் காவல் குறைந்த அளவு லோடுகளுக்குக் கிடையாது. அளவுகளைப் பிரசுரமான கையேட்டிலிருந்தே எடுங்கள், மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும். குண்டை அமர்த்துமுன் லோடிங் பிளாக்கில் வரிசையாக நிற்கும் கேஸ்களுக்குள் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் பாருங்கள். வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்ய வைக்கும் சிங்கிள் ஸ்டேஜில் அதற்கு நேரம் இருக்கிறது.

ஒருமுறை பூட்டிய டை என்றென்றைக்கும் சரி என்று நினைக்கவும் வேண்டாம். சுடச்சுடப் பித்தளை இறுகும், அமுக்கியபின் திரும்பி எழும் அளவும் மாறும். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் சில கேஸ்களை அளந்துவிட்டே மற்றவற்றை எடுங்கள். அளவு கேஸுக்குக் கேஸ் வேறுபட்டால், டையைத் தொடுவதற்கு முன் மசகு எல்லாவற்றிலும் ஒரே சீராகப் பூசியிருக்கிறதா என்று பாருங்கள்.